மருத்துவப் பகுதி: செங்கமாரியும் கீழ்காய்நெல்லியும்

"டொக்டர், செங்கமாரிக்குக் கீழ்காய்நெல்லி குடிக்கலாமா?" என்று நம்மவர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. ஊரிலிருந்து தூளாகத் தருவித்து வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே இம்முறை அதைப் பற்றியே எழுதுகிறேன்.

தமிழகத்தார் இச்செடியைக் கீழாநெல்லி என்பர்; நோயை மஞ்சள் காமாலை என்பர். மாரி மழையின் பின் வேலியோரங்களிலும் தோட்டங்களிலும் தானாகவே முளைப்பது இது. இலைகளின் கீழே காய்கள் வரிசையாகத் தொங்குவதால் இப்பெயர் வந்தது. செடியை வேருடன் பிடுங்கிக் கழுவி, அம்மியில் அரைத்து, பாலிலோ மோரிலோ கரைத்து, விடியற்காலையில் வெறுவயிற்றில் கொடுப்பார்கள். எண்ணெயும் மச்ச மாமிசமும் விலக்கிப் பத்தியம் காக்கச் சொல்வார் பரியாரியார்.

இப்படிக் குடித்தவர்களில் அநேகர் சுகமடைந்தது உண்மையே. ஆனால் அதற்கான காரணத்தையும் நாம் அறிய வேண்டும். கிராமங்களில் பிள்ளைகளுக்கு வந்த செங்கமாரி பெரும்பாலும் அசுத்தமான நீராலும் உணவாலும் தொற்றும் 'ஏ' வகை ஈரல் அழற்சி. அது அநேகமாக எந்த மருந்தும் இன்றியே சில வாரங்களில் மாறிவிடும். மூலிகை குடித்தவரும் சுகமடைந்தார், குடியாதவரும் சுகமடைந்தார். பெயர் மட்டும் மூலிகைக்குக் கிடைத்தது.

விஞ்ஞானிகள் இச்செடியை அலட்சியம் செய்தார்கள் என்று எண்ண வேண்டாம். 'பி' வகை ஈரல் அழற்சி வைரஸைக் கண்டறிந்து 1976 இல் நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க், சென்னையைச் சேர்ந்த தியாகராஜன் முதலியோருடன் சேர்ந்து இதனை ஆராய்ந்தார். நாட்பட அவ்வைரஸைத் தாங்கியிருந்தவர்களுக்கு இச்செடியின் தூளை 30 நாட்கள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்தது. வெற்றுக் குளிசை பெற்ற 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்தது. 1988 இல் லான்செட் சஞ்சிகையில் இது வெளிவந்தபோது மருத்துவ உலகம் வியந்தது. ஆனால் 1990 இல் தாய்லாந்திலும் 1994 இல் நியூசிலாந்திலும் வெளியான ஆய்வுகளில் அப்பலன் காணப்படவில்லை. 2011 இல் வெளியான கொக்ரேன் தொகுப்பாய்வும் போதிய சான்று இல்லை என்றே முடித்தது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. செங்கமாரி ஒரு நோயன்று, நோயின் அடையாளம். பித்தப்பைக் கல் குழாயை அடைத்தாலும் கண் மஞ்சளாகும். கணையத்தில் கட்டி வந்தாலும், மதுவினால் ஈரல் கெட்டாலும், சில மருந்துகள் ஒவ்வாவிட்டாலும் அதே மஞ்சள்தான். பரியாரியார் காலத்தில் இவற்றைப் பிரித்தறிய வழி குறைவு. இன்று ஓர் இரத்தப் பரிசோதனையும் ஸ்கானும் பெரும்பாலும் சொல்லிவிடும். மூன்று கிழமை மூலிகை குடித்துப் பார்ப்போம் என்று காத்திருந்தால், அடைத்த குழாயில் கிருமி பெருகி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆரம்பத்தில் வெட்டி எடுக்கக்கூடிய கட்டியும் அந்த நிலையைக் கடந்துவிடலாம்.

எனவே அங்கத்தவர்களுக்கு நான் சொல்வது:

கண் மஞ்சளானால் உடனே டாக்டரிடம் செல்லுங்கள். காய்ச்சலும் நடுக்கமும், வயிற்றுவலி, தடுமாற்றமான பேச்சு, இரத்தக்கசிவு இவற்றில் ஏதும் சேர்ந்தால் ஆஸ்பத்திரிக்கே போங்கள்.

மூலிகை எடுப்பவர்கள் அதை மறைக்காது டாக்டரிடம் சொல்லுங்கள். முடிந்தால் பொட்டலத்தையே கொண்டு போங்கள். தூளாகிவிட்டால் ஒரே சாயலுள்ள வேறு செடிகள் கலந்திருப்பதைக் கண்ணால் அறிய முடியாது.

'பி' வகை வைரஸ் பல வருடங்கள் எந்த வருத்தமும் காட்டாமல் ஈரலில் தங்கியிருக்கும். தாயிடமிருந்து பிறக்கும் குழந்தைக்கும் தொற்றும். பெரியவர்கள் ஒருமுறையாவது அதற்கு இரத்தம் சோதித்துக்கொள்ளுங்கள். தொற்று இல்லாதவர்களைக் காக்க நல்ல தடுப்பூசி உண்டு.

ஓய்வு, இலேசான உணவு, மதுவை விலக்குதல் ஆகிய பழைய பத்தியத்தின் நல்ல பகுதிகளை இன்றும் தாராளமாகக் கைக்கொள்ளலாம். ஆனால் கண் ஏன் மஞ்சளானது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள்.