சிக்கிமின் ஏழும் நம்ம வீட்டு சைபரும்

ஜனாதிபதி தேர்தல் வரும்போதெல்லாம் நம்மாட்கள் நடுவே ஒரு ஜோக் கிளம்பும். "உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. ஓட்டுக்கு 208 மதிப்பாம், நம்ம தமிழ்நாட்டு எம்.எல்.ஏ.வுக்கு 176-ஆம், சிக்கிம்காரருக்கு வெறும் 7-ஆம். அந்த ஏழை வச்சுக்கிட்டு மனுஷன் என்னத்த பண்ணுவார்?" எல்லோரும் சிரிப்பார்கள். போன முறை, 2022-ல், வாட்சப்பில் எத்தனை பேர் அனுப்பினார்கள் என்று எண்ணிக்கையே இல்லை. 2027-ல் மறுபடி வரும். அதற்கு முன்னாடியே சொல்லி வைத்துவிடுகிறேன்: சிரிக்கிற விஷயம் அந்த 7 இல்லை. சிரிக்கிற நம்மில் பாதிப் பேரின் மதிப்பு 7 கூட இல்லை.

கோபப்படாமல் கணக்கைப் பாருங்கள். பி.காம். படித்து வங்கியில் குப்பை கொட்டும் ஆசாமிக்கு கணக்கு போடாமல் இருக்க முடியாது.

மாநில ஜனத்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால் வகுத்து, அதை 1000-ஆல் வகுத்தால் வருவதுதான் ஓட்டின் மதிப்பு. ஜனத்தொகை என்றால் இன்றைய தொகை இல்லை, 1971 கணக்கெடுப்பின் தொகை. அப்போது சிக்கிமில் இருந்தவர்கள் 2,09,843 பேர். (அன்றைக்கு அது இந்தியாவின் மாநிலமே இல்லை, ராஜா ஆண்ட நாடு. 1975-ல்தான் மாநிலமாகச் சேர்ந்தது.) 32 எம்.எல்.ஏ. ஆக ஒருவருக்கு 6,557 பேர், முழுமையாக்கினால் 7. தமிழ்நாட்டில் 4 கோடியே 12 லட்சம் பேர், 234 எம்.எல்.ஏ., 176. இதில் யாருக்கு என்ன அநியாயம்? ஆறாயிரம் பேரின் பிரதிநிதிக்கு ஏழு, ஒண்ணேமுக்கால் லட்சம் பேரின் பிரதிநிதிக்கு 176. தராசு சரியாகத்தான் நிற்கிறது.

தராசைச் சின்ன மாநிலத்துப் பக்கம் சாய்த்துப் பார்த்த நாடும் இருக்கிறது. அமெரிக்கா. அங்கே வயோமிங் என்று ஒரு மாநிலம். 2020 கணக்குப்படி 5,76,851 பேர். நம்ம சிக்கிமில் 2011-ல் 6,10,577 பேர், கிட்டத்தட்ட அதே அளவு. (இடம் மட்டும் சிக்கிமைப் போல 35 மடங்கு.) ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்க வயோமிங்குக்கு 3 எலெக்டர்கள், கலிஃபோர்னியாவுக்கு 54. ஒரு எலெக்டருக்கு எத்தனை பேர் என்று வகுத்தால் வயோமிங்கில் 1 லட்சத்து 92 ஆயிரம், கலிஃபோர்னியாவில் 7 லட்சத்து 32 ஆயிரம். அதாவது வயோமிங்காரர் ஒருவர் கிட்டத்தட்ட நாலு கலிஃபோர்னியாக்காரருக்குச் சமம்.

சரி, அவ்வளவு கனமான ஓட்டை வைத்திருக்கும் வயோமிங்கை வேட்பாளர்கள் தாங்கு தாங்கென்று தாங்குகிறார்களா? அந்தப் பக்கம் பிரசாரத்துக்குப் போவதே அபூர்வம். 1964-ல் ஜான்சனுக்கு ஓட்டுப் போட்டதோடு சரி, அதற்கப்புறம் ஜனநாயகக் கட்சி அங்கே ஜெயித்ததே இல்லை. 2024-ல் டிரம்ப்புக்கு 100-க்கு 70-க்கும் மேல். முடிவு முன்னாடியே தெரிந்த ஊருக்கு எவன் பெட்ரோல் செலவு பண்ணுவான்?

அதே பக்கத்தில் நெப்ராஸ்கா என்று இன்னொரு மாநிலம். அதுவும் குடியரசுக் கட்சிக் கோட்டைதான். ஆனால் அங்கே எலெக்டர்களைத் தொகுதிவாரியாகவும் பிரித்துக் கொடுப்பதால், ஒமாஹா நகரத் தொகுதி மட்டும் 2008-ல் ஒபாமாவுக்கும், 2020-ல் பைடனுக்கும், 2024-ல் கமலா ஹாரிஸுக்கும் போனது. ஒரே ஒரு எலெக்டர். அந்த ஒன்றுக்காக இரண்டு கட்சியும் அங்கே காசைக் கொட்டின. மூன்று இருக்கும் இடத்தில் சீந்துவாரில்லை, ஒன்று இருக்கும் இடத்தில் அடிதடி. ஏன்? அந்த ஒன்று எந்தப் பக்கம் விழும் என்று யாருக்கும் தெரியாது.

நான் சொல்ல வருவது இதுதான். ஓட்டுக்கு எடை இருந்தால் மட்டும் மதிப்பு வராது. எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்த ஓட்டுக்கு எடை எவ்வளவு இருந்தாலும் விலை பூஜ்யம்.

நம்ம ஊர் உதாரணம் பாருங்கள். ஜனாதிபதி தேர்தல் ரகசிய வாக்கெடுப்பு. கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது. எம்.எல்.ஏ. யாருக்கு வேண்டுமானாலும் போடலாம். அப்படியும் 2022-ல் சிக்கிமின் 32 எம்.எல்.ஏ.க்களும் திரௌபதி முர்முவுக்கே போட்டார்கள். 32 பெருக்கல் 7, மொத்தம் 224. சிக்கிம் அரசியலே இப்படித்தான். 1989-ல் 32-க்கு 32 ஒரே கட்சி, 2009-ல் 32-க்கு 32 வேறொரு கட்சி, 2024-ல் 31 மூன்றாவது கட்சி. 2024-ல் ஜெயித்த கட்சி வாங்கிய ஓட்டு 100-க்கு 60 கூட இல்லை. மீதி நாற்பது பேரின் குரலுக்குச் சட்டமன்றத்தில் ஒரே ஒரு நாற்காலி மிஞ்சியது.

அதே 2022-ல் கேரளாவையும் பாருங்கள். 140 எம்.எல்.ஏ.க்களும் யஷ்வந்த் சின்ஹாவுக்குத்தான் என்று எல்லோரும் எழுதி வைத்துவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் 139. ஒன்று முர்முவுக்கு! முர்மு 6,76,803 மதிப்புக்கு ஜெயித்தார், இந்த 152 இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்திருக்காது. ஆனால் அன்றைக்குக் கேரளாவில் பேச்சு அந்த 139 பற்றி இல்லை, அந்த ஒன்றைப் பற்றித்தான்.

"ஜனாதிபதி ரப்பர் ஸ்டாம்ப்தானே, இதுக்கு இவ்வளவு அலட்டலா" என்பீர்கள். மாநிலம் போட்ட சட்டத்தை ஆளுநர் ஜனாதிபதிக்கு அனுப்பிவிட்டால் அதற்கு உயிர் கொடுப்பதும் கொடுக்காததும் அந்த நாற்காலிதான். தமிழ்நாட்டின் நீட் விலக்கு மசோதா அப்படித்தான் போனது. ஜனாதிபதி ஒப்புதல் மறுத்துவிட்டார் என்று முதலமைச்சராக ஸ்டாலின் 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் சொன்னார். அந்த மசோதா சரியா தப்பா என்பது வேறு சண்டை. ரப்பர் ஸ்டாம்ப் குத்தாவிட்டால் காகிதம் செல்லாது என்பது எந்த வங்கிக்காரனைக் கேட்டாலும் தெரியும்.

இந்த நாற்காலிக்கு நிஜமான போட்டி நடந்த வருஷமும் உண்டு. 1969. சம்பவம் நடந்தது நம்ம பெங்களூரில். அந்த ஜூலையில் லால்பாக் கண்ணாடி மாளிகையில் காங்கிரஸ் கமிட்டி கூடியது. அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தபோதுதான் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக முடிவு செய்தார்கள். இந்திரா காந்தி மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று சொல்ல, சுயேச்சையாக நின்ற வி.வி.கிரி இரண்டாம் விருப்ப வாக்குகள் வரை போய் 4,20,077-க்கு 4,05,427 என்று ஜெயித்தார். வித்தியாசம் 14,650. திமுக அப்போது கிரி பக்கம். தமிழ்நாட்டு திமுக எம்.எல்.ஏ.க்கள் மட்டும் மறுபக்கம் சாய்ந்திருந்தால் முடிவே மாறியிருக்கும். அன்று அவர்களுக்கு இருந்த மரியாதை எடையால் வந்ததா, போட்டியால் வந்ததா? நீங்களே சொல்லுங்கள்.

இனி நம்ம கதை. 1971 தொகையை உறைய வைத்தது 1976-ல் வந்த 42-வது திருத்தம். 2001-ல் வந்த 84-வது திருத்தம் அதை 2026-க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கெடுப்பு வெளியாகும் வரை நீட்டித்தது. அடுத்த கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 என்று 2025 ஜூனில் தேதி குறித்தார்கள். உறைந்த பனி உருகினால் என்ன ஆகும்? 2011 தொகையை வைத்து, எம்.எல்.ஏ. எண்ணிக்கை மாறாது என்று கொண்டு, கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன்.

தமிழ்நாடு 176 இருந்த இடத்தில் 308. ஆஹா என்று குதிக்காதீர்கள். உத்தரப் பிரதேசம் 208-லிருந்து 496. பீகார் 173-லிருந்து 428. இன்று நமக்கு ரொம்பக் கீழே 129-ல் இருக்கும் ராஜஸ்தான் 343-க்குப் போய் நம்மைத் தாண்டிவிடும். 131-ல் இருக்கும் மத்தியப் பிரதேசமும் 316 என்று தாண்டிவிடும். கேரளா 152-லிருந்து 239-தான். எம்.எல்.ஏ.க்களின் மொத்த மதிப்பில் தமிழ்நாட்டின் பங்கு 100-க்கு ஏழரையிலிருந்து சுமார் ஆறுக்கு இறங்கும். குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காகச் செய்த மாநிலத்துக்குக் கிடைக்கும் பரிசு இது. இதில் எனக்கும் வயிற்றெரிச்சல்தான், தமிழ்நாட்டுக் கட்சிகள் சத்தம் போடுவதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் "எங்களுக்கும் வயோமிங் மாதிரி கூடுதல் எடை கொடு" என்று கேட்கிறார்களே, அவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. எடையை வாங்கிக்கொண்டு வயோமிங் என்ன சாதித்தது? நாமே ஏற்கனவே பாதி வயோமிங்தான். நாடாளுமன்றத் தேர்தலில் 2014-ல் 39-க்கு 37 ஒரு பக்கம், 2019-ல் 38 இன்னொரு பக்கம், 2024-ல் 39-க்கு 39. அந்த 39-ஐ வாங்கிய கூட்டணிக்குக் கிடைத்த ஓட்டு பாதியைக்கூடத் தொடவில்லை. எந்தக் கட்சி என்பது எனக்குப் பொருட்டல்ல. மொத்தமாக ஒரு பக்கம் கிடப்பதால் டெல்லியில் கணக்குப் போடுபவன் நம்மை முதல் வரியிலேயே வரவு அல்லது பற்று என்று எழுதி மூடிவிடுகிறான். எடையும் குறைந்து, போட்டியும் இல்லாமல் போனால் மிஞ்சுவது என்ன?

கடைசியாக, முக்கியமாக, பெங்களூர் தமிழ்க் குடும்பங்களுக்கு. அல்சூரிலும் ஸ்ரீராம்புரத்திலும் மூன்று தலைமுறையாக இருப்பவர்களைச் சொல்லவில்லை, அவர்கள் விவரமாக இங்கேயே ஓட்டு வைத்திருக்கிறார்கள். இருபது, முப்பது வருஷமாக வந்து, வீட்டுக் கடன் வாங்கி, பிள்ளைகளைக் கன்னடம் படிக்க வைத்துவிட்டு, வாக்காளர் அட்டையை மட்டும் ஊர் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோமே, நமக்குத்தான்.

கணக்கெடுப்பில் நம் தலை எங்கே விழும்? கர்நாடகாவில். 131 என்று இருக்கும் கர்நாடக எம்.எல்.ஏ.வின் ஓட்டு 2011 கணக்கில் 273 ஆகிறது என்றால், அந்த ஏற்றத்தில் நாமும் இருக்கிறோம். அவருக்கு எடை கொடுப்பது நாம். அவரைத் தேர்ந்தெடுப்பது நாம் இல்லை. எடை இங்கே, ஓட்டு அங்கே. அங்கேயாவது போடுகிறோமா? தேர்தல் செவ்வாய்க்கிழமை வந்தால் லீவு இல்லை, பஸ்ஸில் டிக்கெட் இல்லை. "எப்படியும் அவங்கதான் ஜெயிப்பாங்க, நம்ம ஒரு ஓட்டுல என்ன?" ஆக இரண்டு பக்கமும் சைபர். சிக்கிம்காரர் ஏழாவது போடுகிறார் ஐயா!

"ஊர்ல வீடு இருக்கே சார்" என்பது அடுத்த சாக்கு. 1950-ம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: ஒரு ஊரில் வீடு சொந்தமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் அங்கே வசிப்பதாக ஆகாது. சாதாரணமாக எங்கே வசிக்கிறோமோ அங்கேதான் பெயர் இருக்கலாம், அதுவும் ஒரே இடத்தில். தமிழ்நாட்டில் நடந்த தீவிரத் திருத்தத்தில் 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. அதில் 66 லட்சத்துக்கும் மேல் இடம் மாறியவர்கள், தேடிப் போனபோது வீட்டில் இல்லாதவர்கள். நம்ம பெயரும் அதில் போயிருக்க ரொம்ப வாய்ப்பு. அங்கே போய்விட்டது, இங்கே சேர்க்கவில்லை என்றால் நாம் எந்த ஊர் பிரஜை?

"இங்க ஓட்டுப் போட்டா தமிழனுக்கு என்ன கிடைக்கும்" என்று கேட்பவர்கள் அல்சூர் ஏரிக்கரைக்குப் போய் வள்ளுவரைக் கேளுங்கள். 1991-ல் இருந்து 18 வருஷம் சாக்குக்குள் நின்றவர் 2009 ஆகஸ்டில் வெளியே வந்தார். சென்னையிலிருந்து கருணாநிதி வந்து திறந்தார், சரி. ஆனால் பக்கத்தில் எடியூரப்பா நிற்காமல் அந்தச் சாக்கு அவிழ்ந்திருக்காது. இங்கே நமக்கு ஆக வேண்டிய காரியம் எதுவாக இருந்தாலும் விதான சௌதா வழியாகத்தான் ஆகும். பள்ளிக்கூடமோ, தண்ணீரோ, காவிரிக் கலவரத்தின்போது பாதுகாப்போ.

வேலை ரொம்பச் சின்னது. பழைய தொகுதியில் பெயர் இன்னும் இருந்தால் படிவம் 8, இடமாற்றத்துக்கு. பெயரே போய்விட்டிருந்தால் படிவம் 6. இணையத்திலேயே போடலாம். வாடகை ஒப்பந்தமோ வங்கி பாஸ்புக்கோ முகவரிச் சான்றாகப் போதும். வயசுக்கு வந்த பிள்ளைகளுக்கும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். அடுத்த கர்நாடக சட்டமன்றத் தேர்தல் 2028-ல். அதில் ஜெயிப்பவர்கள்தான், சட்டமன்றம் முழுக் காலமும் இருந்தால், 2032-ல் ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுவார்கள். அந்த ஓட்டின் எடையில் நம் வீட்டு நாலு தலையும் இருக்கப் போகிறது. யாருக்குப் போடப் போகிறீர்கள் என்று மட்டும் எந்தக் கட்சிக்காரனிடமும் முன்னாடியே சொல்லிவிடாதீர்கள்.