டெல்லியில் வரி... நசரத்பேட்டை ஷட்டரில் விலை!

பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டினால், வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை குறுக்கிடும் இடம் நசரத்பேட்டை. இன்னும் கொஞ்ச தூரம் போனால் இருங்காட்டுக்கோட்டை, ஹூண்டாய் கார் தொழிற்சாலை. இந்தப் பக்கம் கேட், ஷட்டர், ஷெட் செய்துதரும் ஒரு சின்ன வெல்டிங் பட்டறை, வெளிநாட்டிலிருந்து ஒரு கிலோ இரும்புகூட நேரடியாக வரவழைக்கப் போவதில்லை. உள்ளூர் இரும்புக் கடையில் வாங்குவதோடு சரி. ஆனாலும் இறக்குமதி ஸ்டீலுக்கு டெல்லி போட்ட வரி, அந்தப் பட்டறையின் கொட்டேஷன் வரை வந்து நிற்கிறது. எப்படி?

2025 ஏப்ரல் 21-ம் தேதி, இறக்குமதியாகும் தட்டையான ஸ்டீல் வகைகளுக்கு மத்திய அரசு 12 சதவீத பாதுகாப்பு வரி போட்டது. முதலில் 200 நாள்களுக்குத்தான். அது நவம்பரில் முடிந்தது. டிசம்பர் கடைசியில் மூன்றாண்டுத் திட்டமாகவே அறிவித்துவிட்டார்கள். முதல் ஆண்டு 12, அடுத்து 11.5, மூன்றாம் ஆண்டு 11 சதவீதம். 2028 ஏப்ரல் வரை ஓடும்.

காரணம் இல்லாமல் இல்லை. 2024-ல் சீனா மட்டும் 11 கோடி டன் ஸ்டீலை வெளிநாடுகளுக்கு அனுப்பியது. சொந்த ஊரில் வீடு கட்டும் தொழில் படுத்துவிட்டதால், மிச்சத்தை வந்த விலைக்குத் தள்ளியது. 2024-25 நிதியாண்டில் இந்தியாவுக்குள் வந்த ஸ்டீல் சுமார் 95 லட்சம் டன். கொரியாவுக்கும் ஜப்பானுக்கும் வர்த்தக ஒப்பந்தம் இருப்பதால், வழக்கமான சுங்க வரியிலும் சலுகை. உள்நாட்டு ஆலைகள் அலறியதில் நியாயம் உண்டு.

சிக்கல் அடுத்த படியில் இருக்கிறது. வெளிநாட்டுச் சரக்கு விலை ஏறினால், உள்ளூர் ஆலையும் தன் விலையை ஏற்ற இடம் கிடைக்கிறது. போட்டிக்குப் பயந்து குறைத்து விற்க வேண்டியதில்லையே! உடனே 12 சதவீதமும் ஏறிவிடும் என்று அர்த்தமில்லை. 2025 கடைசியில் சந்தை மந்தமாகி உள்நாட்டு விலை இறங்கவும் செய்தது. ஆனால் ஏறும்போது பிடித்து நிறுத்த ஆள் குறைவு.

பெரிய கார் கம்பெனிகள் ஆலைகளோடு முன்கூட்டியே விலை பேசி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். பட்டறைக்கு அந்த வசதி கிடையாது. 120 கிலோ தகடு தேவைப்படும் ஒரு ரோலிங் ஷட்டரை எடுத்துக்கொள்வோம். கிலோவுக்கு 4 ரூபாய் ஏறினால் ஒரு ஷட்டருக்கு 480 ரூபாய். ஒரு காம்ப்ளெக்ஸுக்கு 20 ஷட்டர் என்று அட்வான்ஸ் வாங்கியிருந்தால் 9,600 ரூபாய் கைப்பிடித்தம். பேசிய விலையை மாற்றினால் அடுத்த ஆர்டர் வராது. மாற்றாவிட்டால் வெல்டருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும்?

வெளிநாட்டுக்குப் பாகங்கள் செய்து அனுப்புகிறவர்களுக்கு இன்னொரு பக்கமும் அடி. ஸ்டீலுக்கு அமெரிக்கா 2025 மார்ச்சில் 25 சதவீத வரி போட்டு, ஜூன் 4 முதல் அதை 50 ஆக்கியது. அம்பத்தூரிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை உதிரிபாகத் தொழிலை நம்பியிருக்கும் பகுதிக்கு இது சின்ன விஷயமில்லை. மூலப்பொருளுக்கு இங்கே வரி, விற்கப் போனால் அங்கே வரி!

வீட்டில் இருப்பவர்கள் எவர்சில்வர் பாத்திரத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இந்த வரியில் இல்லை. வீடு கட்டும் டிஎம்டி கம்பியும் இல்லை. அது தட்டை வகை அல்ல. ஷட்டர், பீரோ, கலர் கூரை ஷீட், வாஷிங் மெஷின் உடம்பு... இந்தத் தகடு வகைகள்தான் கணக்கில் வரும். அதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. எச்.ஆர். காயில் டன் 675 டாலருக்குக் குறையாமல் வந்தால் வரி கிடையாது. மலிவுச் சரக்குக்குத்தான் வேலி.

ஷட்டரோ கேட்டோ செய்யக் கொடுக்கிறவர்கள் கொட்டேஷனில் இரண்டு விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: மொத்த எடை, தகட்டின் கேஜ். தகடு விலை ஏறும் காலத்தில், பேசிய தொகைக்குள் வேலையை முடிக்கச் சில இடங்களில் சத்தமில்லாமல் மாறுவது கேஜ்தான். 18 என்பது 16-ஐவிடப் பெரிய எண் என்று ஏமாந்துவிடாதீர்கள். கேஜ் எண் கூடினால் தகடு மெலிசு.