கார் ஸ்பீக்கர் வயரை மாத்தணுமா?

புது ஸ்பீக்கர் மாட்டப் போனேன். "கம்பெனி வயர் வேஸ்ட் சார், அதையும் மாத்திடலாம், ஆறாயிரம்"னார் கடைக்காரர். படிச்ச எஞ்சினியரிங்குக்கு ஒரு மரியாதை வேணாமா? கணக்கு போட்டேன்.

20 கேஜ் செம்பு வயர், மீட்டருக்கு சுமார் 0.033 ஓம். ஸ்டீரியோவுல இருந்து கதவுக்கு 3 மீட்டர்னா, போக வர 6. மொத்தம் 0.2 ஓம். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இழப்பு அரை டெசிபல் கூட இல்லை. பாட்டுல ஒரு டெசிபல் குறைஞ்சாலே நம்ம காது கண்டுபிடிக்கத் திணறும்!

இதுக்காக கதவு ரப்பரைக் குடைஞ்சா மழைத்தண்ணி உள்ளே வரும். பவர் விண்டோ வயரும் அதே வழியாத்தான் போகுது.

தனியா ஆம்ப்ளிபயர் வச்சு 75 வாட், 100 வாட்னு ஓட்டினா புது வயர் நியாயம். மத்தவங்க அந்தக் காசை கதவுக்குள்ள ஒட்டுற டேம்பிங் ஷீட்டுல போடுங்க மக்களே. நான் அதான் செஞ்சேன். ராஜாவோட பேஸ் கிட்டார் பழைய வயர்லயே ஜம்முனு வருது.