கண் தெரிகிறதே என்று காத்திருப்பது தவக்குல் ஆகாது

 

நம் மதரஸாவில் பல்லாண்டுகள் சிறுவர்களுக்கு அலிஃப், பா கற்பித்த முதிய உஸ்தாத் ஒருவர், ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் முஸ்ஹஃபைத் திறந்தபோது, எழுத்துகளின் மேல் கருநூல்கள் மிதப்பதாகக் கூறினார். அவருக்கு 12 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மாத்திரையைத் தவறவிட்டதில்லை, ஆனால் விழித்திரையை ஒருமுறையேனும் பரிசோதித்ததில்லை. ஒரு கண்ணின் உள்ளே இரத்தம் கசிந்து பார்வை போயிற்று. மற்றொன்றை லேசர் சிகிச்சையால் காக்க முடிந்தது. காண வந்தவர்கள் அனைவரும், "அல்லாஹ்வின் நாட்டம், ஸபூர் செய்யுங்கள்" என்றனர். நாமும் அதையே சொன்னோம். அந்த 12 ஆண்டுகளில் ஒருமுறையேனும் "கண்ணைக் காட்டினீர்களா?" என்று கேட்காத நாம், இன்று அதற்காக வெட்கப்படுகிறோம்.

கத்ரை நம்புவது ஈமான். நம் அலட்சியத்திற்குக் கத்ரைப் போர்வையாக்குவது ஈமான் அன்று. ஒட்டகத்தைக் கட்டிவிட்டே தவக்குல் வைக்க வேண்டும் என்ற நபிகளாரின் (ஸல்) போதனையை மிம்பரில் முழங்குகிறோம். கண் விஷயத்தில் மட்டும் ஒட்டகத்தை அவிழ்த்துவிடுகிறோம்.

"பார்வை நன்றாகத்தானே இருக்கிறது?" என்பதே பலரின் முதல் சாக்கு. சர்க்கரை, விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சிதைக்கும்போது தொடக்கத்தில் வலியும் இராது, மங்கலும் இராது. மங்கல் தெரியும் நாளில் நோய் முற்றியிருக்கக்கூடும். ஆகவேதான் இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட உடனேயும், அதன்பின் ஆண்டுதோறும் பரிசோதிக்குமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகின்றனர். கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையை வாசிப்பது இப்பரிசோதனை ஆகாது. விழித்திரையையே பார்த்தாக வேண்டும்.

"ரமளானில் சொட்டு மருந்து இட்டால் நோன்பு முறியுமே" என்பர் சிலர். ஷாஃபிஈ, ஹனஃபீ மத்ஹபுகள் இரண்டிலும் கண்ணில் இடும் மருந்தால் நோன்பு முறியாது. 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாதமியும் அவ்வாறே தீர்மானித்தது. இனி இச்சாக்கும் இல்லை.

பொருளாதாரத்தைக் காரணம் காட்டுவோர் உண்மையிலேயே ஏழைகளாயின் அவர்கள் மீது குற்றமில்லை. குற்றம் ஜமாஅத்தின் மீதே. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்றும் ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிக்கிறது. அரசு மருத்துவமனைகளும் உள்ளன. ஒரு வலீமாவின் பிரியாணிச் செலவில் ஒரு மஹல்லாவின் நோயாளிகளையே வண்டி வைத்து அழைத்துச் சென்று வரலாம். கருஞ்சீரகத்தின் பெயரால் "சர்க்கரையை வேரறுப்போம்" என்று புட்டிகளை விற்போருக்குப் பணம் கொடுக்கும் நமக்கு, இதற்கு மட்டுமா பணமில்லை?

எல்லாவற்றினும் வேதனையானது நம் பெண்களின் நிலை. பாவையை விரிக்கும் சொட்டு மருந்து இட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும். துணைக்கு ஓர் ஆள் வேண்டும். கணவர் வளைகுடாவில், மகன் வேலையில். "அடுத்த விடுமுறையில் பார்ப்போம்" என்றே ஆண்டுகள் கழிகின்றன. வாப்பாவின் மாத்திரை வேளையை மறவாத உம்மாவின் கண்ணை வீட்டில் எவரும் நினைப்பதில்லை. இதைப் பர்தாவின் பெயரால் நியாயப்படுத்துவோரிடம் கேட்கிறோம்: தேவைக்காகச் சிகிச்சை பெறுவதை ஷரீஅத் எங்கே தடுத்தது? பெண் மருத்துவரைத் தேடித் தருவது ஆண்களின் கடமையன்றோ?

கண் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைக் குறித்து நாம் விசாரிக்கப்படுவோம். எனவே ஒவ்வொரு ஜமாஅத்தும் ஜும்ஆவில் அறிவிப்புச் செய்து, நீரிழிவு உள்ளோரின் பட்டியலை எடுத்து, பெண்களுக்கெனத் தனி நாள் ஒதுக்கி அழைத்துச் செல்லட்டும். மதரஸாப் பிள்ளைகள் இன்றிரவே வீட்டில் கேட்கட்டும்: "உம்மா, கடைசியாக எப்போது கண்ணைக் காட்டினீர்கள்?"

அல்லாஹ் நம் பெற்றோரின் பார்வையைப் பாதுகாத்து, இறுதிவரை அவனது வேதத்தைப் பார்த்து ஓதும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.