விளக்கைத் திறக்கும் ஆங்கிலம்

சீன தேசத்தில் ஆங்கிலம் பயிலும் மாணவன், அறை இருண்டிருக்கக் கண்டு, விளக்கைப் போடச் சொல்வதற்குப் பதிலாக 'ஓப்பன் த லைட்' என்று சொல்லிவிட்டால், அதைக் கேட்டு நகைப்பவர் பலர். அவ்வாறு அவனைச் சொல்லவைத்த காரணத்தை ஆராய்பவர் சிலரே. அவன் தாய்மொழியில் 'கய்' என்ற ஓரசைச் சொல்லுக்குள்ளேயே கதவைத் திறப்பதும், விளக்கைப் போடுவதும், மோட்டார் ஓட்டுவதும், கூட்டம் நடத்துவதும், பூ மலர்வதும், வைத்தியர் மருந்துச் சீட்டு எழுதித் தருவதும் அடங்கிவிடுகின்றன. கொதித்த நீருக்கும், மனமகிழ்ச்சிக்குங்கூட அதையே முதலாகக் கொண்ட பெயர்கள் வழங்குகின்றன. இத்தனை அர்த்தங்களைச் சுமந்த சொல்லுக்கு நேரே, மனனம் செய்யும் பட்டியலில், 'ஓப்பன்' என்ற ஆங்கிலச் சொல்லை மட்டும் எழுதிக் கொடுத்தால், மாணவன் வேறு என்ன செய்வான்?

இரு சொற்களும் எங்குமே ஒத்துப்போகாதிருந்தால் விபரீதம் இராது. கதவிலும், கடையிலும், வங்கிக் கணக்கிலும் இரண்டும் கைகோத்துச் செல்வதால் உண்டாகும் நம்பிக்கையே, விளக்கிடம் வந்ததும் அவனைக் கைவிட்டுவிடுகிறது. ஆங்கிலமும் நிரபராதியன்று. கடை திறந்திருக்கிறது என்பதைச் சொல்ல 'ஓப்பன்' என்பதே போதும். மூடியிருக்கிறது என்பதற்கோ 'க்ளோஸ்' போதாது, 'க்ளோஸ்ட்' என்று வால் சேர்க்க வேண்டும். இந்த வாலை இரண்டுக்கும் பொதுவாக்கி, 'கடை ஒன்பது மணி வரை ஓப்பன்ட்' என்று சொல்லும் மாணவனைவிட, அத்தகைய ஒழுங்கின்மையை விதியென்று நிறுத்திய மொழியின்மீதே எனக்குக் குறை தோன்றுகிறது.

லின் யூடாங் என்ற பேராசிரியர் 1920களின் பிற்பகுதியில், ஷாங்காய் நகரத்துக் கய்மிங் பதிப்பகத்துக்காக ஆங்கிலப் பாடநூல்களை இயற்றியபோது, தனிச் சொற்களைவிட வாக்கியத்துக்கும் பேச்சுவழக்குக்கும் முதன்மை தந்தார். ஃபெங் சிகய் என்ற ஓவியர் அவற்றுக்குச் சித்திரம் வரைந்தார். அறிவு விளக்கம் என்று பொருள்படும் அப்பதிப்பகத்தின் பெயரிலும் அதே 'கய்' முதலில் நிற்பது ஒரு வேடிக்கை. எனினும், 1977இல் சர்வகலாசாலைப் பிரவேசப் பரீட்சை மீண்டும் நடைமுறைக்கு வந்தபின் வளர்ந்த தலைமுறைகளில், வினாத்தாள் வாக்கியங்களைக் கொண்டே அமைந்தபோதிலும், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்ற பட்டியலை உருப்போடும் சம்பிரதாயமே பலருக்குத் துணையாயிற்று.

சிங்கப்பூரின் நிலை வேறு. அங்கே சீனர் மட்டுமன்றி மலாய்க்காரரும் தம் 'புகா' என்ற சொல்லால் கதவையும் விளக்கையும் ஒருங்கே திறப்பவராதலால், அவ்வூர்ப் பேச்சு ஆங்கிலத்தில் விளக்குத் திறப்பது பழகிப்போன பிரயோகம். அவர்களோடு வாழும் தமிழருக்கும் அது புதிதன்று. நல்ல ஆங்கிலம் பேசுமாறு 2000ஆம் ஆண்டில் அங்கே அரசாங்கம் ஓர் இயக்கத்தையே தொடங்கிற்று. அண்டை வீட்டாருக்கு ஐயமின்றி விளங்கும் பேச்சைத் திருத்தப் புகுவது வீண் பிரயாசை என்றே கருதுகிறேன்.

ஆனால் அத்தகைய அண்டை வீட்டார் இல்லாத சீனத்து மாணவனுக்கு, சொற்பட்டியலில் பாதியைக் குறைத்துவிட்டு, எஞ்சிய ஒவ்வொரு சொல்லையும் அது வழக்கமாகச் சேரும் துணைகளோடு கற்பிப்பதே நியாயம். 'கய்' என்ற தலைப்பின்கீழ்க் கதவுக்கு ஒன்று, விளக்குக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று என ஆங்கில வினைகளைப் பிரித்துக் காட்ட ஓர் ஆசிரியருக்கு ஒரு பாடவேளை போதும்.