திறக்க மறுக்கும் தமிழ் ஏடுகள்

பழைய கணினி விளையாட்டு ஒன்றைப் புதிய கணினியில் இயக்கிப் பார்க்க இரவு பகலாக முயலும் இளைஞனைக் கண்டால், வேலையற்றவன் என்று பெரியோர் நகைப்பர். ஆயின், அவன் செய்யும் பணி நகைப்புக்குரியதன்று. தன் காலத்து ஆக்கம் ஒன்று அழியாமல் அடுத்த தலைமுறையைச் சேர வேண்டும் என்னும் கவலையே அவனை இயக்குகிறது. நகைக்கும் பெரியோரிடம் அக்கவலை உண்டா என்பதே கேட்கத்தக்க வினா.

கணினி நிரல் தனித்து வாழ்வதன்று. இயங்குதளம் என்னும் நிலத்தில் வேரூன்றி நிற்பது. நிலம் மாறினால் பயிர் வாடும். டாஸ் காலத்திலும் விண்டோஸின் தொடக்கக் காலத்திலும் எழுதப்பட்ட 16 பிட் நிரல்கள் 64 பிட் விண்டோஸில் நேரடியாக இயங்கா. 2021இல் வெளிவந்த விண்டோஸ் 11இலோ 64 பிட் வடிவம் மட்டுமே உண்டு. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த விளையாட்டுகளுள் 87 விழுக்காடு இன்று கடைகளில் வாங்கக் கிடைப்பதில்லை என்று, கணினி விளையாட்டு வரலாற்றைப் பேணும் அமைப்பொன்று 2023இல் ஆய்ந்து கூறியது.

எனினும் விளையாட்டு ஆர்வலர் கைகட்டி நிற்கவில்லை. பழைய கணினியையே புதிய கணினிக்குள் ஒரு நிரலாகப் படைத்துக் காட்டும் டாஸ்பாக்ஸ் 2002இல் வெளிவந்தது. அது விலையின்றிக் கிடைப்பது. இணைய ஆவணக் காப்பகம் 2015இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ் விளையாட்டுகளை எவரும் ஆடிப் பார்க்குமாறு திறந்துவைத்தது. ஊதியம் எதிர்பாராத பலரின் உழைப்பு இதன் பின்னே நிற்கிறது. பொழுதுபோக்குக்கே இத்தகைய காவல் கிடைத்திருக்கிறது. தமிழுக்குக் கிடைத்த காவல் யாது?

தமிழ் கணினியில் ஏறிய வரலாற்றில் மலேசியாவுக்குச் சிறப்பிடம் உண்டு. இந்நாட்டவரான முத்து நெடுமாறன் 1980களிலேயே முரசு மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். ஆயின், பின்வந்த ஆண்டுகளில் நிறுவனத்துக்கு ஒரு குறியேற்றம், எழுத்துருவுக்கு ஒரு முறை என்று பலவாகப் பிரிந்தது தமிழ். பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்னும் சொல், கணினியின் கணக்கில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே ஆகும். அந்த எழுத்துரு இருந்தால் அது தமிழ்; இல்லையேல் பொருளற்ற குப்பை. 1999இல் தமிழ்நாட்டரசு தாப், தாம் குறியேற்றங்களை ஏற்றது; இணையத்தில் திஸ்கி வழங்கிற்று. ஒருங்குறி 1991இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தும், அது பரவலான வழக்குக்கு வர மேலும் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் தட்டச்சு செய்யப்பட்ட தமிழ் எல்லாம் இன்று எங்கே?

ஜொகூரின் கூலாயை எண்ணிப் பார்த்தல் தகும். ஒருகாலத்தில் ரப்பரும் செம்பனையும் நிறைந்திருந்த அவ்வட்டாரத்தில் இன்று தரவு மையங்கள் எழுந்து வருகின்றன. அங்குச் செயற்கை நுண்ணறிவுக்கான கணினிக் கட்டமைப்பை நிறுவப் போவதாக ஒய்.டி.எல். குழுமமும் என்விடியாவும் 2023 டிசம்பரில் அறிவித்தன. உலகத் தரவையெல்லாம் காக்கும் கட்டடங்கள் தோட்டத்து மண்ணில் நிற்கின்றன. அந்த மண்ணில் உழைத்தவர்களின் வரலாறோ காப்பாரற்றுக் கிடக்கிறது. தோட்டம் கலைந்தபின் அம்மக்களைப் பற்றி எஞ்சுவன பள்ளி ஆண்டு மலர்களும், ஆலயத் திருவிழா மலர்களும், மாணவர் கட்டுரைகளுமே. 1990களில் அவ்வாறு எழுந்த எழுத்துகளுள் எத்தனையோ இன்று நெகிழ்வட்டுகளில் உறங்குகின்றன. வட்டைச் செருகப் புதிய கணினியில் வாயில் இல்லை. செருகினாலும் எழுத்தைக் காட்ட எழுத்துரு இல்லை.

அச்சுப் படி இருக்கிறதே, கவலை எதற்கு என்பர் சிலர். நூறு இருநூறு படிகள் அச்சிட்ட மலர் எத்தனை வீடுகளில் கரையானுக்குத் தப்பியது என்று அவர்கள் எண்ணிப் பார்த்ததுண்டா? படம் பிடித்து வைத்தால் போதாதா என்பர் வேறு சிலர். படத்துக்குள் ஒரு சொல்லைத் தேட முடியாது. எழுத்தாக மாற்றினாலன்றி அது ஆய்வுக்கு உதவாது. இது கணினி வல்லுநர் பணி என்று ஒதுங்குவோரே மிகுதி. அவர்கள் கூற்றே அனைத்தினும் பெரும்பிழை. பாமினியை ஒருங்குறியாக்கும் கருவி, இடையில் உள்ள ஆங்கிலச் சொற்களையும் தமிழென்று கொண்டு உருக்குலைத்துவிடும். பிழை எது, பாடம் எது என்று காண்பதற்கு வேண்டுவது தமிழறிவே. அது தமிழாசிரியரின் பணியே.

சுவடி தேடி ஊரூராய் அலைந்த உ.வே. சாமிநாதையரைப் போற்றிப் பேசாத தமிழ் மேடை இல்லை. அவர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். ஏடு நூற்றாண்டுகள் தாங்கியது. நெகிழ்வட்டின் காந்தப் பூச்சோ சில பத்தாண்டுகளில் தளர்ந்துவிடும். ஆகவே இன்றைய காலக்கெடு அவருடையதினும் குறுகியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர் உழைப்பால் இலக்கியங்களை மின்னேடாக்கி, திஸ்கியில் இருந்தவற்றைப் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றித் தந்தது. செய்ய இயலும் என்பதற்கு அதுவே சான்று. ஆயின், சங்கப் பாடலுக்குக் கிடைத்த அக்காவல் தோட்டப்பள்ளி மலருக்குக் கிடைக்கவில்லை.

செய்ய வேண்டியது அரிதன்று. வட்டில் உள்ளதை முதலில் மாற்றமின்றிப் படியெடுத்தல் வேண்டும். எந்த எழுத்துருவில் அமைந்தது என்பதைக் குறித்தல் வேண்டும். ஒருங்குறிக்கு மாற்றி, ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து பிழை களைதல் வேண்டும். மூலப் படியை அழிக்காமல், ஈரிடங்களில் வைத்தல் வேண்டும். தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு மலரை மீட்டாலும் போதும்.

விளையாட்டுக்காக இரவு பகலாக உழைக்கும் அவ்விளைஞனே இப்பணிக்கு ஏற்ற துணைவன். பழைய கருவியைப் பேசவைக்கும் கலை அவனுக்குத் தெரியும். அவனைப் பழிப்பதை விடுத்து, அலமாரியில் கிடக்கும் வட்டை அவன் கையில் ஆசிரியர் கொடுக்கட்டும். அதைப் படிக்கும் கடைசிக் கருவியும் பழுதான பின் எழுப்பும் இரங்கல் உரையால் ஓர் எழுத்தும் மீளாது.