தாளில் தங்கிய வீடு

சில ஆண்டுகளுக்கு முன்னர் இரண்டாம் ஆண்டு மாணவர்களிடம் 'என் வீடு' என்னும் பொருளில் இரண்டு பக்க அளவில் எழுதி வருமாறு பணித்தோம். நாற்பதுக்கும் மேற்பட்ட தாள்கள் வந்தன. அவற்றுள் பெரும்பாலானவை, வீடு அன்பின் உறைவிடம் என்றும் பண்பின் விளைநிலம் என்றும் தொடங்கி, ஒரே அச்சில் வார்த்தவை போல் முடிந்தன. ஒரு தாளிலேனும் ஒரு கதவு இல்லை. ஒரு கிணறு இல்லை. மழைக்கு ஒழுகும் ஓர் ஓடு இல்லை. தோல் பதனிடும் தொழிற்கூடத்துக்குப் பின் தெருவிலிருந்து வரும் மாணவர் ஒருவரை அழைத்து, "உங்கள் தெருவுக்குள் நுழைந்தவுடன் எழும் வாடையைப் பற்றி ஒரு வரியும் இல்லையே, தம்பி?" என்று வினவினோம். அவர் நாணத்துடன், "அதையெல்லாம் கட்டுரையில் எழுதலாமா ஐயா?" என்றார்.

அந்த வினாவுக்கு அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை. பின்னாளில் ஓவியக் கலைஞர் ஒருவரின் அச்சுப்படங்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தபொழுதே, அம்மாணவருக்குச் சொல்ல வேண்டிய விடை ஒருவாறு புலப்பட்டது. அவ்விடையை இம்மலரில் எழுத முற்படுகின்றோம். ஓவியத் திறனாய்வு நம் துறையன்று. தமிழ் கற்பிக்கும் ஒருவர் கண்ணால் கண்டவற்றையே ஈண்டுச் சொல்கின்றோம்.

அக்கலைஞர் ஜரீனா ஹாஷ்மி. கலையுலகில் ஜரீனா என்னும் பெயர் ஒன்றையே வழங்கி வந்தவர். 1937இல் அலிகரில் பிறந்தார். தந்தையார் அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தவர். மகளோ அதே பல்கலைக்கழகத்தில் கணிதம் பயின்று 1958இல் பட்டம் பெற்றார். ஓவியக் கல்லூரி எதிலும் முறையாகப் பயின்றவர் அல்லர் என்பது நம் மாணவர்கள் கருத்தில் கொள்ளத்தக்கது. அயலுறவுத் துறை அலுவலர் ஒருவரை மணந்து பாங்காக் சென்றார். மரச்செதுக்கு அச்சுக்கலை அங்கேதான் அவருக்கு அறிமுகமாயிற்று. 1963 முதல் சில ஆண்டுகள் பாரிசில் ஹேட்டர் என்னும் அச்சுக்கலை வல்லுநரின் கூடத்திலும், 1974இல் டோக்கியோவில் தோஷி யோஷிதாவின் கூடத்திலும் பயிற்சி பெற்றார். பின்னர் நியூயார்க்கை வாழிடமாக்கிக் கொண்டார். 2020 ஏப்ரல் 25ஆம் நாள் இலண்டனில் மறைந்தார். இதற்கிடையே பெற்றோர் அலிகரைவிட்டுக் கராச்சியில் குடியேறினர். பிறந்த வீடு ஒரு நாட்டிலும், பெற்றோரும் தமக்கையும் மற்றொரு நாட்டிலும், தாம் மூன்றாவது நாட்டிலுமாக வாழ நேர்ந்தவர் அவர். 2011இல் வெனிஸ் நகரத்து உலகக் கலைக்காட்சியில் இந்திய அரங்கில் இடம்பெற்ற கலைஞர்களுள் அவரும் ஒருவர். எனினும் புகழ்ப்பட்டியல் நம் நோக்கமன்று.

அவருடைய படைப்புகளில் மனித உருவம் எதுவும் நம் கண்ணில் படவில்லை. கோடுகள், வீட்டின் தரைப்படங்கள், வரைபடத் துண்டுகள், உருதுச் சொற்கள் ஆகியவையே அவருடைய பொருள்கள். அவர் பெரிதும் விரும்பிய ஊடகம் கையால் செய்த காகிதம். 1970களில் தூரிகையும் மையும் இன்றி, ஊசியால் தாளைக் குத்திக்குத்தியே படம் அமைத்தார். அடுத்து வந்த ஆண்டுகளில் காகிதக் கூழையே அச்சில் வார்த்துச் சிற்பமாக்கினார். காகிதம் அவருக்கு எழுதுபரப்பு மட்டுமன்று, குத்தினால் வடு ஏற்கும் தோல் போன்றது. 2012இல் அமெரிக்காவில் நடைபெற்ற அவருடைய பெருங்காட்சிக்குத் 'தோலெனும் தாள்' என்று பொருள்படும் பெயரே சூட்டப்பட்டது.

மரச்செதுக்கின் முறையைச் சற்று விளக்க வேண்டும். பலகையில் மை ஏற வேண்டிய பகுதி மேடாக நிற்க, ஏனைய இடமெல்லாம் உளியால் களையப்பட வேண்டும். வெண்மையான தாளில் ஒரே ஒரு கருங்கோடு வேண்டுமெனில், அக்கோட்டைத் தவிரப் பலகை முழுவதையும் செதுக்கி எடுத்தாக வேண்டும். 2001இல் அவர் படைத்த 'பிரிக்கும் கோடு' என்னும் படம் அத்தகையது. இந்தியாவுக்கும் பாகிஸ்தானுக்கும் இடைப்பட்ட எல்லை ஒரு தாளில் கறுத்து வளைந்து இறங்குகின்றது. இருபுறமும் உளி தப்பவிட்ட சிறு கீறல்கள் சிதறிக் கிடக்கின்றன. 1947இல் அந்த எல்லையை வகுத்தவர்கள் மேசைமேல் பேனாவால் கோடிட்டார்கள். ஜரீனாவோ அதே கோட்டைப் பெறுவதற்கு இருபுறத்து நிலத்தையும் சிறுகச் சிறுகத் தம் கையாலேயே களைய நேர்ந்தது. இப்படம் குறித்து நாம் வேறு எதுவும் சொல்ல விரும்பவில்லை.

தமிழ் பயில்வோர் மிகுதியாக நின்று நோக்க வேண்டியது, 1999இல் வெளிவந்த 36 மரச்செதுக்குப் படங்களின் தொகுதி. 'வீடு ஓர் அயல்நாடு' என்று அதன் தலைப்பைத் தமிழாக்கலாம். இத்தொகுதி சொற்களிலிருந்து பிறந்தது. அவர் முதலில் தம் நினைவில் நின்ற உருதுச் சொற்களைப் பட்டியலிட்டார். பாகிஸ்தானில் இருந்த எழுத்தணிக் கலைஞர் ஒருவர்க்கு அப்பட்டியலை அனுப்பி, அழகிய நஸ்தலீக் எழுத்தில் எழுதிப் பெற்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு படம் என்ற முறையில் செதுக்கினார். வீடு, வாசற்படி, கதவு, முற்றம், சுவர் எனத் தொடங்கி, நண்பகல், வெப்பக் காற்று, மழை, நறுமணம் என விரிந்து, பாதை, தொலைவு, எல்லை, மொழி என்பனவற்றையும் தொடுகின்றன அச்சொற்கள். படங்களோ மிக எளியவை. ஒரு சதுரம், சில கோடுகள், ஒரு குறுக்குவெட்டு என்ற அளவில் நின்றுவிடுகின்றன.

இப்பட்டியலைக் கண்டவுடன் நம் நெஞ்சில் எழுந்தது தொல்காப்பியத்தின் பொருளதிகாரம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்றும், அந்நிலத்தில் வாழ்வனவும் வழங்குவனவும் கருப்பொருள் என்றும், மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள் என்றும் வகுத்த மரபு நம்முடையது. வடநாட்டுக் கோடையின் வெப்பக் காற்று வீசும் நண்பகல் முதற்பொருள். வாசற்படியும் முற்றமும் கருப்பொருள். தொலைவு என்னும் சொல் பிரிவாகிய உரிப்பொருள். ஜரீனா தொல்காப்பியம் கற்றார் என்று நாம் கதை கட்டவில்லை. ஒருவர் தம் வாழ்வை நேர்மையாக நினைந்து பார்க்கும்பொழுது, நிலமும் பொழுதும் பொருளும் இந்த ஒழுங்கில்தான் வந்து நிற்கும் போலும் என்றே வியந்தோம். அகம் என்னும் ஒரே சொல்லால் நெஞ்சையும் வீட்டையும் சுட்டிய தமிழரின் பிள்ளைகள், தம் வீட்டு முற்றத்தை எழுத்துக்கு ஆகாதது என்று எண்ணலாமா என்பதே நம் வருத்தம்.

2004இல் வெளிவந்த 'வீட்டிலிருந்து வந்த கடிதங்கள்' என்னும் 8 படங்களின் தொகுதி, நம்மை இன்னும் ஆழமாகத் தாக்கியது. கராச்சியில் வாழ்ந்த தமக்கையார், பெற்றோரின் மறைவு, வீட்டை விற்றது முதலியவற்றை உருதுவில் தங்கைக்கு எழுதினார். ஆனால் அஞ்சலில் சேர்க்கவில்லை. பல காலம் கழித்து நேரில் சந்தித்தபொழுதே அவற்றைக் கையில் கொடுத்தார். தங்கை அவ்வெழுத்துகளை அப்படியே அச்சாக்கி, அவற்றின்மேல் வீட்டின் தரைப்படத்தையும் ஊரின் வரைபடத்தையும் பொறித்தார். கடிதம் முழுவதையும் வாசிக்க இயலாதவாறு வீடு மறைக்கின்றது. வீட்டை முழுவதும் காண இயலாதவாறு கடிதம் ஊடே ஓடுகின்றது. உருது அறியாத அயல்நாட்டார் பலர் அதன் முன் நின்றிருப்பர். அவர்களுக்கு எழுத்து வெறும் கோடாகத் தோன்றினும், அது ஒரு சகோதரியின் கையெழுத்து என்பது விளங்காமற் போகாது.

அஞ்சலில் சேராத கடிதத்தைப் பற்றி எழுதும்பொழுது, நம் இல்லத்துக் கடிதங்களைச் சொல்லாமல் அப்பால் செல்லுதல் முறையன்று. நம் பாட்டனார் கொழும்பில் வாணிகம் செய்தவர். ஊர்வழக்கில் சபர் போனவர். வாப்பும்மா தமிழ்ப் பள்ளியில் படித்தவர் அல்லர். ஆயினும் குர்ஆன் ஓதக் கற்ற எழுத்தைக் கொண்டே தமிழ் எழுத வல்லவர். அரபு எழுத்தில், தமிழ் ஒலிகளுக்கெனச் சில குறிகள் கூட்டி எழுதும் அரபுத்தமிழ் அது. வெற்றிலைப் பெட்டிக்குக் கீழே ஒரு தகரப் பெட்டியில் அக்கடிதங்களும் மறுமொழிகளும் கட்டுக்கட்டாக இருந்தன. சிறுவயதில் அவற்றை ஓதும் நூல் என்றெண்ணி, ஒளுச் செய்யாமல் தொட அஞ்சியிருக்கின்றோம். வாப்பும்மா மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், நாம் முதுகலை முடித்து ஆய்வியல் நிறைஞர் பட்டத்துக்குக் காப்பியங்களைப் புரட்டிக்கொண்டிருந்த காலத்தில், வீட்டுக்கு வெள்ளையடித்த நாளொன்றில் அந்தப் பெட்டி காகிதக் கடைக்குப் போயிற்று. கொடுத்தவர் வேறெவரும் அல்லர், நாமே. எவராலும் படிக்க முடியாத தாள் என்று நினைத்தோம். நூலகம் நூலகமாகச் சென்று ஏட்டுப்பிரதிகளைத் தேடிய கையே அதனை எடைபோட்டுக் கொடுத்தது.

பின்னர் ஒரு பழைய நூலின் இடையே ஒரேயொரு கடிதம் அகப்பட்டது. முதிய ஆலிம் ஒருவர் கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் படித்துச் சொன்னார். கொல்லைக் கதவின் கீல் கழன்றது, தச்சனுக்குச் சொல்லியாயிற்று, முருங்கை காய்க்கவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல் தணிந்தது என்பனவே அதில் இருந்த செய்திகள். நாம் எதிர்பார்த்தது வேறு. ஏதோ ஓர் உயர்ந்த கருத்தை எதிர்பார்த்தோம். அந்தக் கீலும் முருங்கையும்தான் உயர்ந்தவை என்று அறிவதற்கு நமக்கு ஜரீனாவின் வாசற்படியும் கதவும் தேவைப்பட்டன.

இவ்விடத்தில் இரண்டு மறுப்புகள் எழக்கூடும். ஓவியம் நம் மார்க்கத்துக்கு ஏற்குமா என்பது பெரியவர்கள் சிலரின் ஐயம். உயிருள்ளவற்றின் உருவம் தீட்டுவது பற்றிய மார்க்க அறிஞர்களின் கருத்துகளுள் நாம் புக விரும்பவில்லை. அதற்குரிய தகுதி நமக்கில்லை. ஆனால் கோடும் எழுத்தும் வீட்டின் அளவும் எவருக்கும் தடையாகா. பள்ளிவாசல் சுவர்களை எழுத்தாலும் வடிவக் கணிதத்தாலும் அணி செய்த சமுதாயத்துக்கு இது புதிதுமன்று. மற்றொரு மறுப்பு இளைய ஆசிரியர்களிடமிருந்து வருவது. சொந்த வீடு, சொந்த நினைவு என்று எழுதத் தொடங்கினால், நாட்டு நடப்பை மறந்து தன்னைத்தானே பார்த்துக்கொண்டிருக்கும் நோய் வந்துவிடும் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமலில்லை. அத்தகைய கவிதைகளை நாமும் மதிப்பெண் இட்டுச் சலித்திருக்கின்றோம். எனினும் இதே ஜரீனா 2003இல் அழிவுற்ற நகரங்களின் வரைபடங்களை 9 படங்களாகச் செதுக்கினார். சரயேவோ, பெய்ரூட், பாக்தாத், காபூல் ஆகியவற்றோடு அகமதாபாத்தும் அதில் உண்டு, நியூயார்க்கும் உண்டு. தம் வீட்டின் சுவர் எத்தனை அடி என்று அறிந்தவருக்கே பிறர் வீடு இடியும் ஓசை சரியாகக் கேட்கும் என்பது நம் கருத்து.

அவருடைய படைப்புகள் அனைத்தும் நமக்கு உவப்பானவை என்றும் சொல்லமாட்டோம். பிற்காலத்தில் பொன் தகடு ஒட்டிச் செய்தவற்றின் ஒளியைப் பலர் பாராட்டுவர். நமக்கு அந்தக் கருங்கோட்டு வாசற்படியே போதும்.

சென்ற பருவத்தில் கட்டுரைப் பொருளை மாற்றினோம். 'என் வீடு' என்று எழுத வேண்டா, உங்கள் பாட்டனார் வீட்டின் தரைப்படத்தை ஒரு தாளில் வரைந்து, ஒவ்வோர் இடத்துக்கும் உங்கள் வீட்டில் என்ன பெயர் வழங்குகின்றதோ அதையே எழுதி வாருங்கள் என்றோம். வந்த தாள்களில் அகராதி காணாத சொற்கள் பலவற்றைக் கண்டோம். ஒரு மாணவி, இடித்துக் கட்டப்பட்ட தம் பழைய வீட்டைத் தாயாரிடம் கேட்டுக் கேட்டு வரைந்திருந்தார். ஓரிடத்தில் மட்டும் பெயரின்றி ஒரு சதுரம் இருந்தது. அது என்னவென்று கேட்டதற்கு, அங்கே என்ன இருந்தது என்பதில் உம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் வழக்குத் தீரவில்லை என்றார். தோல் தெருவிலிருந்து முன்பு வந்த அம்மாணவர் இப்பொழுது எங்கோ பணியில் இருக்கின்றார். அவரிடம் இதனைக் கேட்கும் வாய்ப்பு நமக்கு இல்லை.

மாணவர்க்குச் சொன்ன பணியைத் தாமும் செய்தல் ஆசிரியர்க்கு அழகு என்று கருதி, நாமும் ஒரு தாளை எடுத்து அமர்ந்தோம். தலைவாசல், திண்ணை, முற்றம், தொழுகை விரிப்பு மடித்து வைக்கும் மாடம் வரை தடையின்றி வந்தது. தகரப் பெட்டி இருந்த மூலையையும் குறித்தோம். அடுப்படியிலிருந்து கிணற்றுக்கு ஏழு எட்டு என்று நாம் எழுதியிருக்கின்றோம். பதினோர் எட்டுக்குக் குறையாது என்று தமையனார் சாதிக்கின்றார்.